அவன் பெயரைச் சொல்லி ஜெபித்த நாட்கள்

பஸ்ஸில் என் மகள் எந்த இடத்தில் நின்றுகொண்டு காலேஜ் போகிறாள் என்பதை அவன் எனக்குச் சொன்னான். மிரட்டுகிற குரலில் இல்லை. “அக்கா” என்று கூப்பிட்டு, மெதுவாகத்தான் சொன்னான். அன்றைக்கு என் உடம்புக்குள் போன பயம் எட்டு மாதம் வெளியே வரவில்லை. அந்த எட்டு மாதத்தில் ஆண்டவர் எனக்குச் செய்ததை எழுதும்படி எங்கள் சபைச் சகோதரிகள் பலமுறை கேட்டார்கள். தள்ளிக்கொண்டே வந்தேன். இப்போது எழுதுகிறேன்.

என் பெயர் ஹெலன். விராலிமலைக்குப் பக்கத்தில் திருச்சி–மதுரை ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்கில் வேலை. லாரிகளுக்கு டீசல் போடுகிற பம்பில்தான் எப்போதும் நிற்பேன். கணவர் தங்கதுரை கொத்தனார். எங்களுக்கு ஒரே பிள்ளை, ஜெனிபர். புதுக்கோட்டையில் காலேஜ் படிக்கிறாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், சித்திரை வெயிலில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். சைக்கிளில் கூடை வைத்துக் கொய்யாப்பழம் விற்கும் சின்னையா என்கிற பெரியவர், பங்குக்கு எதிர்ப்பக்கம் ரோட்டோரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். எங்கள் எல்லோருக்கும் பழக்கமானவர். ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று வேகமாக வந்து அவரை அடித்துத் தள்ளிவிட்டது. அந்தச் சத்தத்தை நான் எழுத விரும்பவில்லை.

லாரி கொஞ்ச தூரம் போய் நின்றது. டிரைவர் இறங்கி ஓடிவந்தான். பெரியவர் பக்கத்தில் குனிந்தான். சில நொடிகள் அப்படியே இருந்தான். பிறகு நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தான். நான் கையில் டீசல் பைப்பைப் பிடித்தபடி ரோட்டுக்கு இந்தப்பக்கம் நிற்கிறேன். அவன் வாரத்துக்கு இரண்டு தடவை என்னிடம் டீசல் போடுகிறவன். எனக்கு அவன் முகம் தெரியும். அவனுக்கும் என் முகம் தெரியும். அடுத்த நிமிடம் அவன் திரும்பி ஓடி லாரியில் ஏறிப் போய்விட்டான்.

நான் ரோட்டைத் தாண்டி ஓடி 108-க்கு போன் போட்டேன். பெரியவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அதற்குள் அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் மறுநாள் இறந்துபோனார்.

இனி சொல்லப்போவது எனக்கு வெட்கமானது. சம்பவம் நடந்த அன்று போலீஸ் வந்து கேட்டபோது, “டிரைவரச் சரியாப் பாக்கலங்க சார்” என்று சொல்லிவிட்டேன். கோர்ட்டு, ஸ்டேஷன் என்று அலைய வேண்டாமே என்கிற பயம்தான். எங்கள் பங்கு கேமரா பம்புகளைப் பார்க்குமே தவிர ரோட்டைப் பார்க்காது. என்னைத் தவிர அவன் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. அது எனக்குத் தெரிந்தே பொய் சொன்னேன்.

காரியம் முடிந்த பிறகு பெரியவருடைய மனைவி அழகம்மாள் தனியாகப் பங்குக்கு வந்தார். காற்றடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“இங்கிட்டு அம்புட்டுப் பேரு நிக்கிறீங்களே. ஒருத்தரு கண்ணுலகூட அவன் படலையா தாயி?”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்று சாயங்காலமே கணவரைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். லாரியைப் பிடித்தார்கள், டிரைவரையும் பிடித்தார்கள். அவன் பெயர் சரவணன், பக்கத்து ஊர்தான், முப்பது வயதுக்குள் என்பதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. அவன், இவன் என்று எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் என் மனதில் அவன் ‘அவன்’தான்.

ஆனி மாதம் ஜாமீனில் வெளியே வந்தான். ஒரு மத்தியானம் பைக்கில் பங்குக்கு வந்தான். பெட்ரோல் போட வந்தவன் மாதிரி என் முன்னால் நின்றான்.

“அக்கா, நீங்க சரியாப் பாக்கலன்னுதானே மொதல்ல சொன்னீங்க? கோர்ட்டுலயும் அப்படியே சொல்லிருங்க. ஒங்க பாப்பா எட்டரை பஸ்ஸுல போகுது. முன்படிக்குப் பக்கத்துல, கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்கிது. கூட்டமான பஸ்ஸு. பாத்துப் போகச் சொல்லுங்கக்கா.”

அவ்வளவுதான் சொன்னான். பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். என்னோடு வேலை பார்க்கும் வசந்தா ஓடிவந்து, “என்னக்கா, மொகமெல்லாம் இப்படி வெளுத்துப்போச்சு?” என்றாள். பங்குக்குப் பின்னால் போய் ஜெனிபருக்குப் போன் போட்டேன்.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். அவனைக் கூப்பிட்டு எச்சரித்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசவே இல்லை. ஆனால் தினமும் வந்தான். பங்குக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப்பக்கம் பைக்கை நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம், சும்மா நிற்பான். ரோட்டோரத்தில் நிற்பவனை யார் என்ன செய்ய முடியும்? நான் பம்பில் நிற்பேன். அவன் அங்கே நிற்பான். நடுவில் லாரிகளும் பஸ்களும் போய்க்கொண்டிருக்கும். ஒவ்வொரு வண்டி மறைத்து விலகும்போதும், அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறானா, இந்தப்பக்கம் வந்துவிட்டானா என்று பார்ப்பேன். இருந்தாலும் பயம். காணவில்லை என்றால் அதைவிடப் பயம். அவன் அங்கே இல்லையென்றால் என் பிள்ளைக்குப் பின்னால் போயிருப்பானோ?

ஜெனிபர் பஸ் ஏறியதும் “ஏறிட்டேன்” என்று போனில் அனுப்ப வேண்டும். இலுப்பூர் வந்தால் ஒன்று, அன்னவாசல் வந்தால் ஒன்று, காலேஜ் வாசலில் ஒன்று. ஐந்து நிமிடம் தாமதமானால் நானே போன் போடுவேன். வண்டிக்கு டீசல் போடும்போது அளவு தப்பி இரண்டு தடவை திட்டு வாங்கினேன். சோறு இறங்கவில்லை. வீட்டில் மிக்சி சத்தம் கேட்டாலும் திடுக்கிடுவேன்.

ஒருநாள் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார். “நீ பாக்கலன்னே சொல்லிரு ஹெலன். போனவரு போயிட்டாரு. நமக்கு இருக்கிறது ஒரு பிள்ள.”

அவர் கோழை இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. பாதி மனதில் நானும் அதைத்தான் முடிவு செய்திருந்தேன்.

ஜெபித்தாயா என்று கேட்பீர்கள். ஜெபித்தேன். எப்படி ஜெபித்தேன் தெரியுமா? “ஆண்டவரே, அவன் கைகால் விளங்காமல் போகட்டும். அவன் ஓட்டுகிற வண்டி கவிழட்டும். அவனை எடுத்துக்கொள்ளும்.” முழங்காலில் நின்று, கண்ணீரோடு, இப்படித்தான் தினமும் கேட்டேன். கேட்டு முடித்து எழுந்தால் பயம் முன்னைவிடக் கூடியிருக்கும்.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை பகலில் பெண்கள் கூடி உபவாச ஜெபம் செய்வோம். ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை நான் எழுந்து நின்று, என் மகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று விண்ணப்பம் சொன்னேன். எல்லோரும் ஜெபிக்கத் தயாரானபோது, அங்கன்வாடியில் வேலை பார்க்கும் ரோஸ்லின் அக்கா கேட்டார்.

“அந்தத் தம்பி பேரு என்ன?”

“எந்தத் தம்பி?”

“ஒன்னய மெரட்டுற தம்பிதான்.”

“அவன் பேரு எதுக்கு?”

“அவருக்கும் ஜெபிக்கணும்ல ஹெலன்.”

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. “ஒங்க மக பின்னால அவன் சுத்துனா ஜெபிப்பீங்களா?” என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ரோஸ்லின் அக்கா பின்னாலேயே வந்தார். செருப்புகூடப் போடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் பெரிய இவ மாதிரி சொன்னேன்னு நெனைக்காத. என் கொழுந்தனாரு எனக்குப் பண்ணுனது ஒனக்கே தெரியும். ஒம்போது வருசமாச்சு. அவரு பேரச் சொல்லி ஒரு தடவகூட என்னால ஜெபிக்க முடியல. வாய் வர மாட்டேங்குது. ஆனா துன்பப்படுத்துறவங்களுக்காக ஜெபம் பண்ணுங்கன்னு ஆண்டவரு சொல்லிட்டாரு. நான் என்ன செய்ய? நீ அந்தத் தம்பி பேரச் சொல்லு, நான் கொழுந்தனாரு பேரச் சொல்றேன். பேர மட்டும் சொல்லுவோம். வேற ஒண்ணும் வேணாம்.”

அவர் உபதேசம் செய்திருந்தால் நான் போயிருப்பேன். அவரும் என்னைப் போல முடியாமல் நின்றார். அதனால் நின்றேன்.

மறுநாள் விடிந்ததும் முழங்காலிட்டு, “சரவணன்” என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. எழுந்துவிட்டேன். இரண்டாம் நாளும் அப்படித்தான். ஒரு வாரம் வெறும் பெயர். பிறகு ஒருநாள், “சரவணன் இன்னைக்கு ரோட்டுல நிக்கிறான் ஆண்டவரே” என்றேன். இன்னொரு நாள், “வெயில்ல நிக்கிறான்” என்றேன். பம்பில் நின்றபடியே அவனைப் பார்த்து மனதுக்குள் சொல்லப் பழகினேன். அப்படிப் பார்க்கத் தொடங்கியபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அவன் மெலிந்துகொண்டே வந்தான். சட்டை தொங்கியது. அவனுக்கும் ஒரு வீடு இருக்குமே, அங்கே சோறு வைத்தால் சாப்பிடுவானா என்று முதல்முறையாக நினைத்தேன்.

பயம் போய்விட்டதா? இல்லை. அப்படிச் சொன்னால் பொய். பயந்துகொண்டேதான் ஜெபித்தேன்.

கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. நான் சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்கு இரண்டு வாரம் இருந்தது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஜெனிபர் போன் செய்தாள். குரலே இல்லாமல் பேசினாள்.

“அம்மா, அவரு பஸ்ஸுல இருக்காரு. அன்னவாசல்ல நான் பாத்தேன். எனக்குப் பின்னால நிக்கிறாரும்மா.”

“கண்டக்டர்கிட்டப் போய் நில்லும்மா. போன வைக்காத...”

போன் கட்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப். மறுபடி, மறுபடி. சுவிட்ச் ஆஃப்.

வசந்தாவின் ஸ்கூட்டியை வாங்கிக்கொண்டு விராலிமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்தேன். கணவர் போனை எடுக்கவில்லை. சாரத்தின் மேல் நின்று பூசிக்கொண்டிருந்திருப்பார். ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். பஸ் வருவதற்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. அந்த நாற்பது நிமிடம் நான் உயிரோடு இருந்தேனா என்று எனக்கே தெரியாது. பஸ் ஸ்டாண்டு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பழைய ஜெபம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. “அவனை எடுத்துக்கொள்ளும்” என்று சொல்ல வாயைத் திறந்தேன். சாபம் வரவில்லை. பல வாரம் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு, “சரவணன், சரவணன்” என்றது. பிறகு, “ஆண்டவரே, சரவணனைக் கெட்டது செய்ய விடாதேயும். அவனைத் தடுத்துக் காப்பாற்றும். என் பிள்ளையையும் காப்பாற்றும்” என்று கதறினேன். என் பிள்ளையையும் அவனையும் ஒரே மூச்சில் ஆண்டவரிடம் கேட்டேன். அதை நானாகச் செய்யவில்லை. என்னால் அது ஆகிற காரியமே இல்லை.

ஸ்டேஷன் ஆள் வருவதற்குள் பஸ் வந்துவிட்டது. முன்படியில் ஜெனிபர் இறங்கினாள். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். “ஒண்ணும் இல்லம்மா, போன்ல சார்ஜ் போச்சு” என்று என் தோளில் அழுதாள். அவளுக்குப் பின்னாலேயே அவன் இறங்கினான். கையில் வக்கீல் ஆபீஸ் காகிதக் கட்டு. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

“பாப்பாவ ஒண்ணும் சொல்லலக்கா. புதுக்கோட்டைக்கு வக்கீலப் பாக்கப் போனேன். வேற பஸ்ஸு இல்ல.”

மகளை எனக்குப் பின்னால் தள்ளிக்கொண்டேன். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று தெரியாது. சொன்னது இதுதான்.

“தம்பி, நான் ஒங்களுக்காகத் தெனமும் ஜெபம் பண்றேன்.”

அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. “சாகணும்னா?” என்றான்.

“மொதல்ல அப்படித்தான் பண்ணேன். இப்ப இல்ல.”

அவன் அப்படியே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். காகிதக் கட்டு கீழே விழுந்தது. எடுக்கவில்லை. குனிந்தபடியே பேசினான்.

“நான் பங்குக்கு எதுக்க வந்து நிக்கிறது ஒங்கள மெரட்ட மட்டும்னு நெனச்சீங்களாக்கா? மொத நாளு அதுக்குத்தான் வந்தேன். அதுக்கப்புறம் வராம இருக்க முடியல. அந்தப் பெரியவரு விழுந்த எடம் அதுதானே. எறங்கிப் பாத்தப்ப கண்ணத் தொறந்து என்னயப் பாத்தாருக்கா. தம்பி தண்ணின்னு கேட்டாரு. வண்டியில பாட்டிலு இருந்துச்சு. நான் குடுக்கல. ஓடிட்டேன்.”

எட்டு மாதமாக என்னையும் என் மகளையும் நடுங்க வைத்தவர், என் முன்னால் உட்கார்ந்து குலுங்கிக்கொண்டிருந்தார். ஆனாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. மறைத்துவிட்டு ஜெபிக்கிறேன் என்றால் அது என்ன ஜெபம்?

“தம்பி, கோர்ட்டுல நான் பாத்ததத்தான் சொல்லுவேன். அதயும் இப்பவே சொல்லிர்றேன்.”

அவர் எழுந்தார். காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாளிலிருந்து பங்குக்கு எதிரே வரவில்லை. நாங்கள் அதை நினைத்துச் சந்தோஷப்படவில்லை. வேறு ஏதாவது திட்டம் போடுகிறாரோ என்று அந்த இரண்டு வாரமும் கணவர் வேலைக்குப் போகாமல் ஜெனிபரோடு பஸ்ஸில் போய் வந்தார்.

கோர்ட்டில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். கூண்டின் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டேன். பார்த்ததைச் சொன்னேன். யார் என்று காட்டச் சொன்னார்கள். காட்டினேன். அவருடைய வக்கீல் எழுந்து, முதலில் சரியாகப் பார்க்கவில்லை என்று போலீஸிடம் சொன்னவர்தானே நீங்கள் என்று கேட்டார். அடுத்து, ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருப்பவரின் முகம் எப்படித் தெரிந்தது என்றார். என்ன பதில் சொன்னாலும் தப்பாகிவிடும் போல இருந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“ஐயா, அந்த அக்கா சொல்றது நெசம். நான்தான்.”

வக்கீல் திரும்பி ஏதோ தடுத்தார். நீதிபதி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, என்ன சொல்கிறீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறீர்களா என்று சரவணனைக் கேட்டார். தெரிந்துதான் சொல்கிறேன் என்றார். பெரியவர் தண்ணீர் கேட்டதையும், கொடுக்காமல் ஓடியதையும் எல்லோர் முன்னாலும் சொன்னார். தண்டனை கிடைத்தது. ஜெயிலுக்குப் போனார்.

அன்று கோர்ட்டு வாசலில் அழகம்மாள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “அந்தத் தம்பிக்காகவும் ஒங்களுக்காகவும் நான் ஜெபம் பண்றேம்மா” என்றேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நீ பண்ணு தாயி. என்னால ஆகாது. கடைசியா என்ன பேசுனாருன்னு தெரியாமக் கெடந்தேன். தண்ணி கேட்டிருக்காரு. அது தெரிஞ்சுபோச்சு. அது போதும் எனக்கு.”

சரவணனை மன்னியுங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு என்ன தகுதி? நான் சொல்லவில்லை. இன்றைக்கும் சொன்னதில்லை. மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அவர் பெயரையும் தினமும் ஆண்டவரிடம் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இப்போது ஜெனிபர் தனியாகத்தான் பஸ்ஸில் போகிறாள். ஊருக்கு ஊர் செய்தி அனுப்புவது நின்றுவிட்டது. தட்டைத் தள்ளி வைத்த என் கணவர், குடும்ப ஜெபத்தில் என்னை முந்திக்கொண்டு “சரவணன்” என்று ஆரம்பிக்கிறார். ரோஸ்லின் அக்காவின் கொழுந்தனார் இன்னும் மாறவில்லை. ஆனால் போன மாதம் அவர் பெயரைச் சொல்லிவிட்டு அக்கா ஒரு நிமிடம் அழுதார். அதுவும் ஒரு பதில்தான் என்று நம்புகிறேன்.

சில வாரங்களுக்கு முன்னால் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு பங்குக்கு வந்தார். வண்டி எதுவும் இல்லை. நடந்துதான் வந்தார்.

“ஹெலன் அக்கா நீங்கதானா?”

“ஆமாம்மா. நீங்க?”

“நான் சரவணன் வீட்டுக்காரி. நேத்து ஜெயில்ல போய்ப் பாத்தேன். ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு.”

குழந்தை என் யூனிஃபார்ம் பட்டனைப் பிடித்து இழுத்தது.

“பண்றத நிறுத்திறாதீங்கன்னு சொல்லச் சொன்னாருக்கா. என்ன ஏதுன்னு எனக்குத் தெரியல. சொன்னா அக்காவுக்குப் புரியும்னாரு.”

பம்புகளுக்கு நடுவிலேயே நின்று அழுதுவிட்டேன். பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

இதைப் படிக்கிற சகோதரியே, சகோதரனே, உங்களையும் யாரோ ஒருவர் நடுங்க வைத்துக்கொண்டிருக்கலாம். ஆபத்து இருந்தால் ஸ்டேஷனுக்குப் போங்கள். நியாயம் கேளுங்கள். உண்மையை மறைக்காதீர்கள். அதோடு அந்த ஆளின் பெயரையும் ஆண்டவரிடம் சொல்லுங்கள். அன்பு வந்த பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருந்தால் நான் இன்னும் காத்துக்கொண்டுதான் இருந்திருப்பேன். எனக்கு முதலில் இருந்தது பயமும் ஒரு பெயரும் மட்டும்தான். அதை வைத்தே அவர் தொடங்கினார். என் ஆண்டவருக்கு நன்றி.